குதிரைப் பெட்டியின் வெளித் தாழ்ப்பாள்

அந்த அம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது குதிரையையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். போர்ட் பிளேரில் எங்கள் பத்துபஸ்திப் பகுதியில் நாய், மாடு, ஆடு எது தெருவில் போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குதிரைக்கு மட்டும் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளர். அரசாங்கப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் க்ரேன், ஜெனரேட்டர், படகு எஞ்சின் என்று பார்த்தவன். ஒரு குதிரைக்கு நான் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

"சார், இவளுக்கு ஒரு பெட்டி செய்யணுங்க. சக்கரம் வெச்ச பெட்டி. ரங்கத் வரைக்கும் போகணும்" என்றார்.

அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவரும் அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணமாகி இருந்தவர். சுனாமியில் கணவர் போனார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேர் முகாமுக்கு வந்தார். பிறகு ஒரு மெயின்லேண்ட்காரர் கடற்கரையில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் தொழில் நடத்த, அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மனிதர் ஒருநாள் ஊருக்கே திரும்பிவிட்டார். குதிரையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று இவரிடமே விட்டுவிட்டார். செம்மண் நிறத்தில் ஒரு பெண் குதிரை. மூக்கின் மேல் வெள்ளைக் கோடு. மகளை மூத்தவள் என்றும் குதிரையைச் சின்னவள் என்றும் சொல்வார்.

இப்போது அந்தக் கடற்கரையில் குதிரை விடக் கூடாது என்று ஆகிவிட்டது. மூத்தவள் வடக்கே, மத்திய அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். அங்கே கடற்கரைப் பக்கம் புதிதாக வந்த ஒரு தங்கும் விடுதியில் குதிரையோடு வந்தால் வேலை உண்டு என்றிருக்கிறார்கள். குதிரை உயிரோடு போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஒரு பிழைப்பு. இல்லாவிட்டால் மருமகன் வீட்டுச் சோறு. இதை அவர் வாசலில் நின்றபடியே, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

நடத்திக்கொண்டு போக முடியாது. ஜிர்காடாங்கிலிருந்து, வண்டிகளை ஃபெரியில் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிடில் ஸ்ட்ரெய்ட் துறை வரை, சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. அங்கே வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகலாம். யாரும் இறங்கக் கூடாது, எங்கும் நிறுத்தக் கூடாது. கப்பலில் அனுப்பலாம் என்றால், க்ரேனில் வயிற்றுப் பட்டை கட்டி ஒரு மாட்டைத் தூக்கியதை அவர் பார்த்திருக்கிறார். "அந்த மாடு கத்துன கத்தல் இன்னும் காதுல இருக்குங்க" என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். சும்மா இருக்கும் மனிதனுக்கு ஒரு வேலை வந்தால் கசக்குமா?

சுனாமி சமயத்தில் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன டேங்கர் ட்ரெய்லர் ஒன்று, தொட்டி ஓட்டையாகி, தெரிந்தவர் ஒருவரின் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. தொட்டியை அறுத்தெறிந்துவிட்டு அடிச்சட்டத்தின் மேல் பெட்டி கட்டினேன். ஆங்கிள் இரும்புச் சட்டம், துத்தநாகம் பூசிய தகடு, தரைக்குப் படாக் மரப் பலகை, அதன் மேல் ரப்பர் விரிப்பு. பின்பக்கக் கதவையே இறக்கினால் ஏறும் பலகை ஆகிவிடும். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அந்த அம்மாள் தினமும் குதிரையைக் கூட்டிவந்து பெட்டியை முகர்ந்து பார்க்க விடுவார். குதிரை தகட்டை நக்கும்.

சண்டை ஜன்னலில் வந்தது.

"ரெண்டு பக்கமும் பெரிய ஜன்னலாப் போடுங்க சார். அவ தலைய வெளிய நீட்டிக்கிட்டு வரணும். மேல கூரையிலயும் ஒரு ஓட்ட வேணும். சூடு மேலதானே போகும்?"

கூரையில் ஓட்டை என்றால் மழைத் தண்ணீர் என்றேன். இந்தத் தீவில் கூரையில் ஓர் ஆணி அடித்தாலே ஒழுகும் என்றேன். பக்கவாட்டு ஜன்னல் வைத்தால் உப்புக் காற்று, மரக்கிளை, தூசி என்று அடுக்கினேன். கடைசியாக, "ஃபெரியில் ஏறும்போது தண்ணீரைப் பார்த்தால் மிரளும். பெட்டிக்குள் குதிரை மிரண்டால் ஃபெரியே ஆடும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பட்டறைக்காரரும் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"என்னா தொரை இது? தெனம் கடல்ல குளிக்கிறவளுக்குத் தண்ணியப் பாத்தா பயமா? யாருக்குங்க பயம்?"

தோட்டத்து வழக்கம், கேலிக்குத் தொரை என்று கூப்பிடுவது. அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். பயம் எனக்குத்தான். சுனாமி அலை வந்த அன்று காலையில் நான் லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் ஒரு க்ரேன் பழுது பார்க்கப் போயிருந்தேன். கடல் பின்வாங்குவதையும் பார்த்தேன், திரும்பி வருவதையும் பார்த்தேன். எண்ணெய்ப் பனைத் தோட்டத்து மேட்டை நோக்கி ஓடினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் சொல்லக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் மறு மாதமே டோங்கிப் படகில் ஏறி மீன் பிடிக்கப் போனார்கள். நான் வீடு திரும்பிய பிறகு ஒரு கப்பலிலும் ஏறவில்லை. தீவுகளுக்குப் போகும் வேலை வந்தால் இடுப்பு வலி என்பேன். வீட்டு மாடியிலிருந்து தூரத்தில் ஒரு துண்டு கடல் தெரிந்தது. அந்தப் பக்கம் வேண்டாத தகடுகளை நிறுத்தி வைத்து மறைத்துவிட்டேன். மனைவி கேட்டபோது வெயில் என்றேன். ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

பெட்டியை நான் ஜன்னல் இல்லாமல் வரைந்தபோது மனதில் இருந்தது குதிரையின் கண் இல்லை, என் கண். அது அப்போதே எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

"இது எஞ்சினியரிங் விஷயம்மா. வேடிக்கை இல்லை" என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

அவர் அடங்கிவிட்டார். படித்தவன் சத்தம் போட்டால் அடங்கிப்போகும் பழக்கம் அவருக்குத் தோட்டத்திலேயே வந்திருக்கும். எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் சரியாக இல்லை. சமாதானமாக இரண்டு பக்கமும் குதிரையின் தலை உயரத்தில் ஒவ்வொரு ஜன்னல் அறுத்தேன். ஆனால் இரும்புக் கதவு போட்டு, தாழ்ப்பாளை வெளியே வைத்தேன். வண்டி நிற்கும்போது திறக்கலாம், ஓடும்போதும் ஃபெரியிலும் மூட வேண்டும் என்று விதி சொன்னேன். காற்றுக்குப் பின்பக்கம் மேலே சாய்வுப் பட்டைகள் வைத்தேன். மழை உள்ளே வராது, காற்று வரும் என்றேன்.

பின்னால் வைத்த திறப்பில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஓடும் பெட்டியின் முதுகில் காற்று சுழன்று திரும்பும். புகையையும் சேர்த்து இழுத்து உள்ளே விடும். பட்டறையில் பேருந்துகளின் பின் கண்ணாடி ஏன் கறுக்கிறது என்று நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். முன்னால் ஒரு திறப்பு, கூரையில் ஒரு திறப்பு இருந்திருந்தால் அந்தக் காற்று வெளியேறும். இரண்டையும் நான் வைக்கவில்லை. முன் திறப்பு வைத்தால் ஃபெரியில் குதிரைக்கு நேரே தண்ணீர் தெரியும்.

கிளம்புகிற நாளில் என்னையும் வரச் சொன்னார். "பெட்டி செஞ்சவுங்க கூட இருந்தா எனக்கு தைரியமா இருக்குங்க." பெட்டியை இழுக்க வந்த பிக்கப் ஓட்டுநரும், "ஹூக் கழண்டா நா என்ன பண்ணுவேன் சார்? நீங்களும் சலோ" என்றான். அவன் போர்ட் பிளேரிலேயே பிறந்த ராமநாதபுரத்துக்காரன். மறுப்பதற்கு இடுப்பு வலி நினைவுக்கு வந்தது. முந்தின நாள்தான் அவர்கள் கண் முன்னால் படாக் பலகையை ஒற்றையாகத் தூக்கியிருந்தேன். வருகிறேன் என்றேன்.  

ஜிர்காடாங் கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பேருந்து, லாரி, சுற்றுலாக் கார்கள். பெட்டியின் ஜன்னல்களைத் திறந்துவிட்டதும் குதிரை தலையை நீட்டியது. சுற்றிலும் கூட்டம். சோதனைக்கு வந்த காவலர் ஒருவர் ஹிந்தியில் கேட்டார், "இதில் யார்?"

"என் சின்ன பேட்டி சாப்" என்றார் அந்த அம்மாள், மகள் என்பதை ஹிந்தியில்.

"பேட்டிக்கு ஆதார் இருக்கா?" என்று ஓட்டுநர் எடுத்துக் கொடுக்க, காவலரும் சிரித்தார். காட்டுக்குள் வண்டிகளின் ஜன்னல் மூடியிருக்க வேண்டும், யாருக்கும் எதையும் நீட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர். பெட்டியைப் பார்த்து, "கோடா ஃபோட்டோ நஹி கீஞ்சேகா, இது திறந்தே இருக்கட்டும்" என்றார்.

குதிரை படம் எடுக்காது என்று போலீஸே சொல்லிவிட்டது. நான்தான் இறங்கிப் போய், "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று சொல்லி இரண்டு கதவையும் மூடித் தாழ்ப்பாள் போட்டேன். காடு முடிந்ததும் உடனே ஃபெரித் துறை. அங்கே அவசரத்தில் மூட முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அம்மாள் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கேட் திறந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பழைய லாரி. ஏற்றத்தில் அது கக்கிய கறுப்புப் புகையில் ஓட்டுநர் விளக்கைப் போட்டான். எங்கள் பிக்கப்பின் புகைக்குழலும் ட்ரெய்லருக்கு அடியில்தான் முடிந்தது. மழை தூறி நின்றுவிட்டு, புழுக்கம் ஏறியது. நாங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே வேர்த்தோம். பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. டக், டக் என்று நிதானமாக.

"நல்லா நிக்கிறா" என்றார் அவர்.

கொஞ்ச தூரம் போனதும் சத்தம் மாறியது. தகட்டில் மோதும் சத்தம். பிறகு உதைக்கிற சத்தம், பிக்கப்பே அதிர்ந்தது. அவர் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பெட்டியின் முன் சுவர் தெரிந்தது. நான் திறப்பு வைக்காத சுவர்.

"சார், இருமுறாளா அவ?"

"பாதை மோசம். அதனால் ஆடுது" என்றேன்.

"இது ஆடுற சத்தம் இல்லைங்க."

"அரே, டென்ஷன் மத் லோ அக்கா. இன்னும் கொஞ்சம்தான்" என்றான் ஓட்டுநர். ஆனால் அவனும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியின் கொள்ளளவு, உள்ளே வரும் காற்று, குதிரை விடும் மூச்சு. வேலையில் இருந்த காலத்தில் படகு எஞ்சின் அறைக்கு இதே கணக்கைப் போட்டுத்தான் இரண்டு பக்கத் திறப்பு இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒப்பந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.  நிறுத்து என்று சொல்ல வாய் வரை வந்தது. காட்டில் நிறுத்தக் கூடாது என்பது ஒரு காரணம். இறங்கித் திறந்தால் ஃபெரியில் திறந்தே இருக்கும், குதிரை மிரண்டு ஃபெரி ஆடும் என்பது இன்னொன்று. எது பெரியதாக இருந்தது என்று இப்போது கேட்டால், இரண்டாவதுதான்.

உதை நின்றது.

மூன்று பேரும் காத்திருந்தோம். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்துப்பா" என்றார் அவர்.

"அக்கா, பின்னால போலீஸ் காடி வருது. ஃபைன் போட்டு லைசென்ஸ..."

"நிறுத்துப்பா."

"மிடில் ஸ்ட்ரெய்ட் வந்துவிட்டது அம்மா, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன் நான். வந்துவிடவில்லை. இன்னும் மேடும் வளைவுமாகக் காடுதான் இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மடியைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் திறந்தார். ஓடுகிற வண்டியில் வெளிக் காற்று முகத்தில் அடித்தது. ஓட்டுநர் கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தான். வண்டி முழுதாக நிற்பதற்குள் அவர் என் கால்களின் மேல் ஏறி வெளியே குதித்துவிட்டார். பின்னால் வரிசையாக ஹாரன்.

நான் இறங்கிப் போனபோது ஒரு பக்கத் தாழ்ப்பாளைத் திறந்திருந்தார். மறு பக்கத்துத் தாழ்ப்பாளின் கம்பி இறுகிக்கொண்டுவிட்டது. மழைக்கும் உப்புக்கும் அசையாமல் இருக்க வேண்டும் என்று நான்தான் அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தேன். அவர் ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்று என் முகத்தில் பட்டது. டீசலும் வேர்வையும் மூத்திரமும் கலந்த, சமையல் அடுப்பு போன்ற சூடு. குதிரை முன்னங்கால் மடிந்து, தலை தொங்கி, சுவரில் சாய்ந்து கிடந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் கிண்ணம் மாதிரி விரிந்திருந்தன. உடம்பு முழுக்க நுரை.

"சின்னவளே, எந்திரி. எந்திரிடி. அம்மா வந்துட்டேன்ல" என்று ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டு, புட்டித் தண்ணீரைச் சேலை முந்தியில் நனைத்து அதன் மூக்கைத் துடைத்தார்.

போலீஸ் ஜீப் வந்தது. கோபமாக இறங்கியவர், காலையில் சிரித்த அதே காவலர். உள்ளே பார்த்ததும் ஹாரன் அடித்தவர்களை ஓரமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். தன் ஜீப்பிலிருந்து தண்ணீர்க் கேன் எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "நான் திறந்திருக்கட்டும் என்றுதானே சொன்னேன்?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

குதிரை எழுந்தது. எழுந்ததும் இருமியது. மனிதர் இருமுவது போல, தொண்டையைக் கிழித்துக்கொண்டு இருமியது. தலையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு மீதி வழியெல்லாம் வந்தது. யாரும் மூடவில்லை.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெரியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான். அவரும் குதிரையிடம் போய் நின்றார். நான் பிக்கப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். தரை அசையத் தொடங்கியதும் இரண்டு கையாலும் முன் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். எதிரே பாராடாங் தீவின் கரை. கல்லெறி தூரம் என்பார்கள். எனக்கு அது முடியவே முடியாது போல இருந்தது.

கதவருகே அவர் குரல் கேட்டது. "ஒண்ணும் பண்ணலைங்க சார். தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கிறா. காத்து நல்லா அடிக்குது."

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர் என் கைகளைப் பார்த்திருப்பார். பட்டறையில் தான் கேட்ட கேள்வி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அப்பிடியே மூடிக்கிட்டு இருங்க. கரை வந்ததும் நா சொல்றேன்" என்றார்.

கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர் சொன்னார். சொன்னபடியே கரை வந்ததும் கதவை லேசாகத் தட்டினார். பாராடாங்கைத் தாண்டி இன்னொரு ஃபெரி இருந்தது. அங்கேயும் தட்டினார். தொரை என்று அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

குதிரை ரங்கத் போய்ச் சேர்ந்தது. இருமல் போகவில்லை. நான் அங்கே இருந்தபோதே கால்நடை மருத்துவர் வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வழியில் என்ன நடந்தது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே படித்தவன். "காட்டுப் பாதையில் தூசி அதிகம். அதற்கும் வயதாகிவிட்டது" என்றேன். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். மருத்துவர் தூசிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். புகை என்று நான் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பாரா என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என்னை விடுவதில்லை.

விடுதியில் அது கொஞ்ச காலம் குழந்தைகளைச் சுமந்தது. மணலில் நாலு எட்டு வைத்தால் நின்று இருமும். பிறகு குழந்தைகளைப் பெற்றவர்கள் ஏற்ற மறுத்தார்கள். அந்த அம்மாள் அதே விடுதியில் பாத்திரம் துலக்கும் வேலைக்குப் போனார். மருமகன் வீட்டுச் சோற்றில்தான் இருந்தார். எது நடக்கக் கூடாது என்று என் வாசலில் வந்து நின்றாரோ, அதுவே நடந்தது.

அவர் ஊருக்கு நான் மறுபடி போகவில்லை. நடுவில் இரண்டு ஃபெரி இருக்கிறது. திரும்பி வந்த பயணத்தை எப்படிக் கடந்தேன் என்றே நினைவில் இல்லை. தட்டிச் சொல்ல ஆள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். "சின்னவ போயிட்டாங்க சார். விடியக்காத்தால பாத்தேன், படுத்தே கெடந்தா." எனக்குப் பழக்கப்பட்ட வார்த்தைதான் வந்தது. "வயது ஆகிவிட்டது, அம்மா."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "ஆமாங்க சார். வயசுதான்." எனக்காகச் சொன்னார். ஃபெரியில் சொன்ன அதே குரல்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. மூத்தவள் படிப்பாள். இது அச்சில் வந்தால் ஒரு பிரதி அவளுக்கு அனுப்புவேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டம்மா. வயது இல்லை, தூசி இல்லை. காற்று வர வேண்டிய இடத்தில் நான் தகடு வைத்தேன், புகை வரும் இடத்தில் திறப்பு வைத்தேன், எனக்குத் தெரிந்தே வைத்தேன். உன் அம்மா அன்று பட்டறையில் கேட்டதற்கு இதுதான் பதில். பயம் எனக்குத்தான்.